பாட்டுக்குப் படுத்த பிணம்

சீனி மாமா,

கும்பிட்டுக்கொள்கிறேன். நான் சுகம். அங்கேயாவது உங்களுக்கு மூச்சிரைப்பு விட்டிருக்கும். இதை நம் மகள் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாசிப்பாள்.

நான் கூட்டிப் பெருக்கும் அரங்கில், மைக்கைப் பிடித்து நின்றபடியே ஜோக் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்தர் ஜோக்குக்கு இன்னொருத்தர் சிரிக்க மாட்டார்கள்; "இது நல்ல காமெடி" என்று எழவு வீட்டு முகத்தோடு சொல்வார்கள். இவர்களை எப்படி நம்புவது? நேற்று அந்தப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு கேலிப்பாட்டுக்கு வீடியோ எடுத்தார்கள். அதில் ஒரு தடியன் பிணமாகப் படுத்தான். கேமராக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, பொண்டாட்டியா பக்கத்துல உக்காந்து அழுங்க, போதும்."

"எம் புருஷன் போனத உங்களுக்கு யாரு சொன்னா? என்னை வெச்சு சிரிக்கப் பாக்கறீங்களா?"

"ஐயோ, சத்தியமா தெரியாதுக்கா. வேணாம், விட்ருங்க."

அதுவும் நடிப்போ என்று வேவு பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஊருக்கு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழவே எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, இவனுக்கு எதற்கு அழ வேண்டும்?

லைட் சூட்டில் பிணம் தூங்கிப்போனது. முதலில் விசில், பிறகு லாரி கிளம்புகிற மாதிரி குறட்டை. அச்சு அசல் உங்களுடையது. கேமராக்காரர் "அழுங்கக்கா" என்று சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீங்கள் போனபிறகு இதுதான் முதல் தடவை.

மகளே, அப்பாவின் கோடு போட்ட சட்டையைத் துவைக்காமல் அனுப்பு. துப்புரவு மேஸ்திரி கூப்பிடுகிறார், போகிறேன்.

மாமா, உண்மையைச் சொல்லுங்கள், அந்தக் குறட்டையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே?