சூட்டில் விரியும் வெல்டிங்

ஜனவரி 15, வியாழன்

ஜர்ராஹின் பைக் ஒருவழியாகக் கிளம்பிப் போயிற்று. மதியத்திலிருந்து ஷெட் வாசலில் காரை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். பந்தயத்துக்கான அவசரம் என்றாலாவது புரியும். பந்தயம் அடுத்த மாதம். இன்று மாலை அவர்கள் வீட்டு திவானியாவில், ஆண்கள் கூடும் வரவேற்பறையில், விருந்தாளிகள். காப்பி ஊற்றும் நேரத்தில் முற்றத்தில் பைக்கை முறுக்க வேண்டும், டர்போ விசிலடிப்பதை மாமன்மார்கள் கேட்டுத் தலையாட்ட வேண்டும். அதற்குத்தான் இத்தனை ஹாரன்.

டர்போவுக்குள் போன எண்ணெய் கீழே இறங்கி இன்ஜினுக்குத் திரும்புகிற வடிகுழாயை மாட்டும்போது பார்த்தேன், இணைப்பில் வைக்கும் கேஸ்கெட் தீர்ந்திருந்தது. கடைக்குப் போய்வர நேரமில்லை. சிவப்பு சீலண்ட் பசையைத் தடவி இறுக்கிவிட்டேன். அந்த இடத்தில் சீலண்ட் தடவக் கூடாது என்று இந்த ஷுவைக் பட்டறைப் பேட்டையில் டீ விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். உள்பக்கம் பிதுங்கி, ஆறியதும் ரப்பராகிவிடும். கொஞ்சமாகத்தான் தடவினேன்.

கொஞ்சமா? சரி, கொஞ்சம் அதிகம்.

குழாயை வளைத்து வெல்டிங் வைத்தவர் ஷிஹாத்தா. எகிப்துக்காரர். யார் கேட்டாலும் தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்வார். தன் ஊரான டாண்டாவில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் போட்டோவை இன்றும் காட்டினார். மேல்மாடிக்கு இன்னும் கூரை இல்லை. நான் சரியாகப் பார்க்கவில்லை என்று கோபம்.

"எனக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு ஊரு இருக்குடா மிஸ்ஃபிர். ஒனக்கு என்ன இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தாத்தா இந்த மண்ணில் ஒட்டகம் மேய்த்தவர். அப்பா இந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்தவர். என் கையில் குடியுரிமைக் காகிதம் மட்டும் கிடையாது. சம்பளம்கூடக் கணக்கில் வராது, கையில்தான் வரும். நாளைக்கே போ என்றால் போக வேண்டியதுதான். சிரிக்காமல் என்ன செய்வது?

ஜனவரி 18, ஞாயிறு

பைக் டிரெய்லரில் திரும்பி வந்தது. பின் டயர் முழுக்க எண்ணெய்.

வெள்ளிக்கிழமை பந்தயத் தடத்தில் முழு வேகத்தில் விட்டிருக்கிறான். புகை போக்கியில் நீலப் புகை, பிறகு பின்சக்கரம் வழுக்கி நெளிந்திருக்கிறது. விழவில்லை. "பாம்பு மேல ஒக்காந்த மாதிரி இருந்துச்சு" என்று ஜர்ராஹ் சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால் சிகரெட்டைத் தலைகீழாக வைத்துப் பற்றவைத்ததை நான் பார்த்தேன்.

இன்ஜினை டீசலில் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, குழந்தைகளுக்குப் போடும் பவுடரை எங்கும் தூவினோம். எண்ணெய் எங்கே கிளம்புகிறதோ அங்கே பவுடர் கறுக்கும். சும்மா ஓடவிட்டபோது ஒரு பொட்டு ஈரம் இல்லை. நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றவிடும் உருளை மெஷினில் ஏற்றி முழுக்க முறுக்கியதும் கறுத்தது. வடிகுழாயின் வெல்டிங் வளையத்தைச் சுற்றி நன்றாக நனைந்திருந்தது.

முதலாளி அபூ நாயிஃப் குனிந்து பார்த்தார். ஷிஹாத்தாவைப் பார்த்தார். மற்றவர்களும் ஷிஹாத்தாவைப் பார்த்தார்கள்.

எனக்கு மட்டும் தெரியும், மேலே டர்போவோடு சேரும் இணைப்பிலிருந்து மயிரிழையாக ஒரு கோடு இறங்கியிருந்தது. வெல்டிங் மேட்டில் எண்ணெய் தங்கிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கோட்டைத் துடைத்தது யார்?

நான்தான். கையில் துணி இருந்தது. தானாகத் துடைத்துவிட்டது கை.

ஜனவரி 19, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். இல்லையென்றால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

குழாயைக் கழற்றியது நான். டர்போவின் அடிவாயில் சிவப்பு சீலண்ட் ஒரு நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பாதி வழி அடைப்பு. மெதுவாக ஓடும்போது எண்ணெய் குறைவு, அந்தச் சந்தில் இறங்கிவிடும். முழு வேகத்தில் இறங்க முடியாமல் மேலே தேங்கி, டர்போவின் சீலைத் தாண்டிப் புகை போக்கிக்குள் போகும், இணைப்பு வழியாகவும் கசியும். எல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. விரலை விட்டுப் பிய்த்தேன். சட்டைப் பைக்குள் போட்டேன்.

அதற்குள் ஷிஹாத்தா குழாயைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு பக்கத்தை அடைத்து, தண்ணீர் வாளியில் அமுக்கி, மறுபக்கம் காற்றடித்தார். ஒரு குமிழிகூட இல்லை. "பாருங்கய்யா, எல்லாரும் வந்து பாருங்க. இது வெல்டிங்கா, தாய்ப்பாசமா?" என்று கத்தினார். பாகிஸ்தானிப் பெயின்டர் கைதட்டினார். அபூ நாயிஃப் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்றே?" என்றார்.

"சூட்டுல விரியும்" என்றேன்.

பச்சைத் தண்ணீரில் மூடியிருக்கும், சூடேறினால் விரிசல் திறக்கும் என்று விளக்கமும் சொன்னேன். யாரும் கேட்காத விளக்கம். எவ்வளவு அழகாக வந்தது வாயில். ஷிஹாத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமாக இல்லை. நான் நம்பித்தான் சொல்கிறேன் என்று நினைத்து, தன் வெல்டிங்கையே மறுபடி குனிந்து பார்த்தார்.

அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜனவரி 21, புதன்

பக்கத்து ஷெட்டில் செய்த புதுக் குழாய், புது கேஸ்கெட். நான்தான் மாட்டினேன். முழுக்க முறுக்கியும் கசியவில்லை.

ஜனவரி 22, வியாழன்

கசியவில்லை என்பதே சாட்சியாகிவிட்டது. பழைய குழாய் கசிந்தது, புதுக் குழாய் கசியவில்லை. இதற்கு மேல் யாருக்கு என்ன நிரூபணம் வேண்டும்? பெயின்டர்கூட இன்று ஷிஹாத்தாவோடு டீ குடிக்கவில்லை.

அடுத்த மாத நடுவில் ஷிஹாத்தாவின் தங்கும் அனுமதி முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை என்று அபூ நாயிஃப் சொல்லிவிட்டார். வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளவும் கையெழுத்துப் போட மாட்டாராம். "ஒரு புள்ளையோட உசுரு போயிருக்கும். இவன நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இன்னொருத்தன்கிட்ட அனுப்புறது?"

ஷிஹாத்தா கெஞ்சவில்லை. வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

ஜனவரி 25, ஞாயிறு

அவருக்குப் போக ஒரு ஊர் இருக்கிறது. வீடு இருக்கிறது. போனால் போகட்டும். என்னை இந்த ஷெட்டை விட்டுத் துரத்தினால் அம்மாவுக்கு மருந்து யார் வாங்குவது? எந்த ஷெட்டில் என்னைச் சேர்ப்பார்கள்?

எல்லாம் சரியான நியாயம். காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன், ஒட்டவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

அவருடைய வெல்டிங் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பழைய சம்பளம்தான். அவர் பக்கத்தில் நின்று, "கையைத் தளர்த்திப் பிடிடா, கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறே" என்கிறார். கற்றுக்கொடுக்கவில்லை, திட்டுகிறார். இருந்தாலும், ஏன் திட்டுகிறார்? கெட்டுப்போகட்டும் என்று விட வேண்டியதுதானே.

பிப்ரவரி 1, ஞாயிறு

அபூ நாயிஃபிடம் சொல்லிவிட்டேன். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சீலண்ட், நாக்கு, சட்டைப் பை எல்லாம். வேலை போகும் என்று தயாராகத்தான் போனேன். காலையில் அம்மாவிடம்கூடச் சாடையாகச் சொல்லியிருந்தேன்.

அவர் பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்பிவிட்டு, "தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பைக்கு போன அன்னிக்கே ஒன் வெரலெல்லாம் செவப்பா இருந்துச்சு. வாளியில குமிழி வரலன்னும் பாத்தேன். நான் என்ன நேத்துப் பொறந்தவனா? அவன் ஊருக்குப் போக டிக்கெட் கேக்குறான், வேல பாத்த வருசத்துக்கெல்லாம் சேர வேண்டிய பணத்தக் கேக்குறான், லேபர் ஆபீஸ் போவேங்குறான். நீ கேக்க மாட்டே. நீ எம் புள்ள மாதிரி."

பிள்ளை மாதிரி. கேட்க முடியாதவன் என்பதற்கு இப்படி ஒரு பெயர்.

நான் ஒரு பொய்யைச் சொன்னதாக நினைத்திருந்தேன். இல்லை. அவருக்குத் தேவைப்பட்ட ஒரு பொருளைச் சப்ளை செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

தொழுகை முடிந்து, வெளிநாட்டு வேலையாட்கள் தங்கும் கைத்தான் பக்கம் போனேன். ஷிஹாத்தாவின் அறையில் ஆறு பேர் தங்குகிறார்கள். மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். அடுப்பில் கீரைக் குழம்பு. சுவரோரம் அட்டைப் பெட்டிகள், ஊருக்குக் கொண்டுபோக ஒரு மிக்ஸி, மகள்களுக்குப் போர்வைகள்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

கரண்டியை விடாமல், "சீலண்டு டர்போ பக்கம் ஒட்டியிருந்துச்சா, கொழாய் பக்கமா?" என்று மட்டும் கேட்டார். டர்போ பக்கம் என்றேன். தலையாட்டினார். இத்தனை நாளும் வெல்டிங் எங்கே விரிந்திருக்கும் என்று அந்த மனுஷன் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அது இப்போதுதான் முடிந்தது. கொஞ்ச நேரம் முகம்கூடத் தெளிந்த மாதிரி இருந்தது.

பிறகுதான் கோபம் வந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என் அம்மாவையும் தாத்தாவையும் இழுத்து டாண்டாவின் அத்தனை வசவையும் வைதார். நான் மன்னிப்புக் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது.

"எங்கிட்ட எதுக்குடா சொல்றே? ஒம் பாரம் எறங்கிச்சு. என் விசா ஏறுமா? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு. இல்லேன்னா போய்ப் படு."

பிப்ரவரி 12, வியாழன்

ஜர்ராஹின் திவானியா. எங்களைப் போன்றவர்கள் டயரைப் பார்க்க முற்றம் வரை போவோம், உள்ளே போனதில்லை. இன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சுவரோரமாக மாமன்மார்கள். யாரோ என்னைப் பார்த்து, காப்பிக் கோப்பை எடுக்க வந்தவன் என்று நினைத்துக் கோப்பையை நீட்டினார்.

எல்லார் முன்னாலும் ஜர்ராஹிடம் சொன்னேன். "கொழாய்ல தப்பில்ல. நான் சீலண்டு தடவினேன், நீங்க விழுந்திருந்தா நான்தான் காரணம். ஷிஹாத்தாவ அநியாயமா அனுப்புறாங்க" என்றேன்.

ஜர்ராஹ் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தான். "எனக்கு ஒரு மக இருக்கா, தெரியுமாடா ஒனக்கு?" என்றான். தெரியாது. ஹாரன் மட்டும்தான் தெரியும். அன்று ஹாரன் அடிக்காமல் இருந்திருந்தால் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். ஹாரன் அவனுடையது, சீலண்ட் என்னுடையது.

அவன் சட்டையை விட்டதும் மூலையில் இருந்த மாமா ஒருவர், அந்த எகிப்துக்காரன் நல்ல வெல்டரா என்று என்னைக் கேட்டார். ஷுவைக்கில் அவரைப் போல இன்னொருவர் இல்லை என்றேன். போனை எடுத்தார். அபூ நாயிஃபோடு பேசினார். உடம்பு, பிள்ளைகள், மழை எல்லாம் விசாரித்துவிட்டு, "அந்த ஆள நம்ம கம்பெனிக்கு மாத்தி விடு, கையெழுத்து ஞாயித்துக்கெழம" என்றார். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஒருத்தர் வாழ்க்கை. ஒரு போன். அதற்கு உண்மைகூடத் தேவைப்படவில்லை, நல்ல வெல்டரா என்பது மட்டும் போதுமாக இருந்தது. நடந்தே வீட்டுக்கு வந்தேன். சந்தோஷப்படுவதா, காறித் துப்புவதா?

பிப்ரவரி 15, ஞாயிறு

வேலை போயிற்று. "எம் புள்ளயா இருந்தா இப்படிப் பண்ணுவியா" என்றார் அபூ நாயிஃப்.

மார்ச் 4, புதன்

ஷுவைக்கில் யாரும் சேர்க்கவில்லை. இங்கே எங்கள் குடியிருப்பான தைமாவில், ரொட்டிக்கடை ஓரத்தில், சாப்பாடு கொண்டுபோகிற பையன்களின் பைக்கைப் பார்க்கிறேன். செயின், பிரேக், பஞ்சர். பெயின்டர் போன் செய்தார். ஷிஹாத்தா புது இடத்தில் சேர்ந்துவிட்டார், அங்கேயும் தன்னை இன்ஜினியர் என்றுதான் சொல்கிறாராம். ஜர்ராஹின் பைக்கும் இப்போது அங்கேதான். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். பெயின்டர் பேச்சை மாற்றினார்.

மார்ச் 24, செவ்வாய்

மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஷிஹாத்தா. சலாம்கூடச் சொல்லவில்லை.

"ஜர்ராஹ் பைக்கு மறுபடி எண்ணெ கக்குது. இன்ஜின் மூச்சு விடுற ஹோஸ், அது யாரு மாட்டினது?"

கையில் கிரீஸ், தோளில் போனை இடுக்கியிருந்தேன். அந்த ஷெட்டில் அந்த வேலையை யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம் என்று சொல்லித் தப்பிக்கலாம். பெயர் சொல்ல நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் ஊருக்கே போய்விட்டார்.

"நான்தான் உஸ்தா" என்றேன், எகிப்தில் மேஸ்திரியைக் கூப்பிடுகிற மாதிரி. "டேங்குக்கு அடியில வளைவு ரொம்ப. சூட்டுல மடங்கியிருக்கும். மூச்சு அடைச்சா எண்ணெ வெளியதான் வரும். ஆனா நான் சொன்னேன்னு நம்பாதீங்க. தெறந்து பாத்துருங்க."

அந்தப் பக்கம் கிரைண்டர் சத்தம்.

"தெறந்து பாத்துட்டுத்தான்டா கேட்டேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.