முடிச்சுப் போட்ட கம்பி

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் விட்டுச்சென்ற கிட்டாரை ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டிருந்தேன். நேற்று வேலூரிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார்.

ஒருமுறை மீட்டியதுமே, "இன்னாக்கா, கம்பியில முடிச்சு போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

நான்தான் போட்டேன். போன ஆடியில் அது தானாக அறுந்தது. தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுத்தானே மேலே நெய்கிறோம்? நீங்கள் திரும்பி வந்தால் வாசிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

அவர் தறியிலிருந்த பட்டைப் பார்த்துவிட்டு, "இது பட்டு இல்லக்கா. அறுந்தா கழட்டிட்டு வேற மாட்டணும். முடிச்சு போட்டா சத்தம் சரியா வராது," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவர் போனதும், உங்கள் வக்கீல் அனுப்பிய விவாகரத்து மனுவை அலமாரியிலிருந்து எடுத்தேன். கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா