எட்டாவது டைமண்ட்

பெரியவளே,

கடைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. தங்கச்சிக்கு எடுத்து வெச்சிட்டு நீயும் சாப்பிடு.

நேத்து உன்னை அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அம்மாவோட நீல நைட்டியை நீ துவைக்க எடுத்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு. கடைசியா அவ உடுத்தினது. ரெண்டு மாசமா என் தலையணைக்கடியிலதான் வெச்சிருக்கேன்.

அவ துண்டுத் துணியில தெச்சுப் பாதியில விட்டுட்டுப் போன போர்வையில, நடு நட்சத்திரத்துக்கு டைமண்ட் மாதிரி வெட்டின துண்டு எட்டு வேணும். நம்ம பழைய துணியில ஏழு வெட்டிட்டா. அவளோடது மட்டும்தான் பாக்கி.

காலையில துவைக்காமலே வெட்டிடலாம்னு கத்திரியை எடுத்தேன். முப்பது வருஷமா தைக்கிறவன், எனக்குத் தெரியாதா? டைமண்டுக்கு ரெண்டு ஓரம் இழைக்குக் குறுக்க, கிராஸா வரும். கஞ்சி போடாம வெட்டினா துணி இழுத்துக்கும், முனையோட முனை சேராது. கோணலாத் தெச்சா அவளே எழுந்து வந்து பிரிச்சுப் போடுவா. கஞ்சி போடணும்னா முதல்ல துவைக்கணும். அது என்னால முடியல.

நீயே துவைச்சுடும்மா. கஞ்சி போட்டுக் காயவெச்சு, இஸ்திரிப் பெட்டியை இழுக்காம அழுத்தி அழுத்தி எடு. நான் வந்து வெட்டிக்கறேன். அது கொடியில தொங்கறதை மட்டும் என்னால பாக்க முடியாது.

அப்பா

கழுத்தோரத்துல அவ வாசனை இன்னும் இருக்கு. வாளியில போடறதுக்கு முன்னாடி நீயும் ஒரு தடவை மோந்துக்கோ.