மணமகளுக்குப் பிடித்த பத்து

செப்டெம்பர் 2, செவ்வாய்

சோளகக் காற்று விடவில்லை. முற்றமெல்லாம் புழுதி. கலியாணப் பந்தலை இன்று பிரித்தார்கள். தகரம், கயிறு, கதிரை எல்லாம் லொறியில். அம்மா யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். யாராவது ஓராள் நிற்கத்தானே வேண்டும்.

செய்ய வேண்டியவை:
– மருந்துக் கடையில் கலியாண லீவை ரத்துச் செய்தல். என்ன காரணம் சொல்வது?
– சட்டை தைத்த அக்காவின் போன் கோலை எடுத்தல். பாவம், மூன்று நாளாக எடுக்கிறா.
– பலகாரம், நாலு பிஸ்கற் ரின் நிறைய.
– ரஜனி அக்காவுக்குப் பட்டியல்.

நடந்ததை ஒருமுறை எழுதி வைக்கிறேன். பிறகு எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கலியாணம் என்று இருந்தது. அதற்கு முன் வியாழன் காலை, உடுப்பிட்டியில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் கலியாணம் முடியும் வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் முகம் பார்க்கக் கூடாது. அது வழக்கம். கதைக்கவும் கூடாது என்பது அம்மா சேர்த்தது.

வியாழன் பின்னேரம் நிரோஷன் வீடியோ கோல் எடுத்தார். என் முகம் முழுக்கப் பயற்றம்மாப் பூச்சு. வெட்டினேன். சிரித்துக்கொண்டுதான் கோலை வெட்டினேன். ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த பகிடி அது: "பொன்னுருக்கின பிறகு ஒருக்கா உம்மைப் பாத்துக் காட்டுறன், பந்தயம்." அன்று மூன்று தரம், வெள்ளி ஐந்து தரம். பந்தயத்தை வெல்லப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "மூண்டு நாள் பொறுக்கேலாதோ?" என்று குரல் செய்தி அனுப்பினேன்.

வெள்ளி பின்னேரம் அவருடைய அண்ணை மோட்டார்சைக்கிளில் வந்தார். ஹெல்மெற்றைக் கழற்றவில்லை.

"அம்மா, அவனுக்கு மனமில்லையாம். எங்களுக்கும் இப்பதான் தெரியும்."

அம்மா நிலத்தில் குந்திவிட்டார். அண்ணை போகும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தங்கச்சியோடை கதைக்கத்தான் ரெண்டு நாளாக் கோல் எடுத்தவனாம். தங்கச்சிதான் எடுக்கேல்லையாம்."

அதற்குப் பிறகு நான் கோல் எடுத்தேன். போன் ஓவ். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியை அனுப்புகிறேன்: "என்ன சொல்ல எடுத்தனீங்கள்?" பதில் இல்லை.

இன்றிலிருந்து அவர் இல்லை. அவன்.

செப்டெம்பர் 3, புதன்

வெயில். தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது.

காலைச் சாப்பாடு: அரியதரம் இரண்டு, முறுக்கு. மத்தியானம்: பயற்றம் பணியாரம். நின்றுபோன கலியாணத்தின் பலகாரத்தை அயலுக்குக் கொடுக்கேலாது, கோயிலுக்கும் கொடுக்கேலாது என்கிறார் அம்மா. குப்பையில் போட எனக்கு மனமில்லை. நானே தின்று முடிப்பதாகத் திட்டம். அம்மா தொடுவதில்லை. சோறும் தொடுவதில்லை. வெள்ளிக்குப் பிறகு வெறும் பிளேன்ரீதான்.

குசினி வாசலில் நின்று சொன்னார்: "கதைக்க வேண்டாமெண்டு நான்தானே பிள்ளை சொன்னனான். ஒருத்தரும் சொல்லாததை நான்தானே சேத்தனான்."

"விடுங்கோ அம்மா."

அம்மா விடவில்லை. நானும் விடவில்லை. அம்மாவில் எனக்குச் சரியான கோபம். இங்கே எழுதலாம்.

பட்டியல் விசயம். என் போனில் ஒரு சின்ன இணையப் பக்கம் வைத்திருக்கிறேன். முகத்துக்கு என்ன பூசலாம், என்ன புத்தகம் வாசிக்கலாம், எங்கே போகலாம் என்று எழுதுவேன். வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர். ரஜனி அக்கா ரொறொன்ரோவில் இருந்து பெண்களுக்கு ஓர் இணைய இதழ் நடத்துகிறா. மணப்பெண் சிறப்பிதழுக்கு "மணமகளுக்குப் பிடித்த பத்து" எழுதித் தரச் சொல்லிப் போன மாதம் கேட்டா. ஓமோம் என்று துள்ளினேன். கலியாணம் நின்றது அவவுக்குத் தெரியாது. இணுவிலில் தும்மினால் கனடாவில் கேட்கும். இது எப்படிக் கேட்கவில்லையோ.

முதல் முயற்சி:

1. முகத்துக்கு: பயற்றம்மா இரண்டு கரண்டி, கஸ்தூரி மஞ்சள் ஒரு சிட்டிகை, தயிர். முக்கால்வாசி காய்ந்ததும் கழுவ வேண்டும். (பூசியிருக்கும்போது கோல் வந்தால் வெட்டக் கூடாது.)

2. தலைக்கு: செவ்வரத்தம் இலை ஒரு பிடி. தண்ணீரில் கசக்கிப் பிழிந்தால் வழுவழு என்று வரும். வடித்துத் தேய்க்க வேண்டும். வடிக்காவிட்டால் இரண்டு நாளைக்குத் தலையில் இலைத் துண்டு.

3. பயணம்: குறிகாட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகு. அவரும் அவருடைய அண்ணியும் நானும். பாதிக் கடலில் எனக்குக் குமட்டிச் சத்தி. இறங்கும் வரை அவர் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்களுக்குக் கலியாணம் பேசி முடித்து இரண்டு மாதம் அப்போது. பேசினார்கள், நானும் ஓமென்றேன். ஆனால் பிடித்தது அன்றைக்குத்தான்.

அவர் இல்லை. அவன். அவன்.

4. காலுக்கு: கற்றாழைச் சாறு, நல்லெண்ணெய், தேன்மெழுகு. கிளிநொச்சியில் வெயிலுக்குள் காணி அளக்கிற வேலை அவனுக்கு. குதிக்கால் பாளம் பாளமாக வெடிப்பு. மூன்று போத்தல் செய்து கொடுத்தேன். "குதி இப்ப பட்டுமாதிரி" என்று காலைப் படமெடுத்து அனுப்பினான். உலகத்தில் எவளாவது ஒரு குதிக்காலின் படத்தை அழிக்க முடியாமல் வைத்துக்கொண்டிருப்பாளா?

நிறுத்திவிட்டேன்.

செப்டெம்பர் 4, வியாழன்

வேலைக்குப் போனேன். முதலாளி "வந்திட்டீரோ, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணினியைப் பார்த்தார். நல்ல மனிசன்.

நாடியில் ஒரு பரு. ஊருக்குத்தான் உபதேசம்.

ஒரு அன்ரி மருந்துத் துண்டை நீட்டிக்கொண்டே, "பிள்ளைக்குக் கலியாணக் களை வந்திட்டுது. என்ன பூசுறனீர்?" என்று கேட்டா. எப்போது கலியாணம் என்பதும் தெரியாது, நின்றதும் தெரியாது. "எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுறன் அன்ரி" என்றேன். சிரித்துவிட்டுப் போனா.

பதினொரு மணிபோல இருவர். நான் அலுமாரிக்குப் பின்னால் குளிசைப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைக் காணவில்லை.

"பொன்னுமெல்லே உருக்கினவை. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டேல்லை."

"பொம்பிளை போனை எடுக்கேல்லையாமே. எட்டுத் தரம் எடுத்ததாம் அந்தப் பெடியன். இந்தக் காலத்திலை ஆரப்பா உதெல்லாம் பாக்கினம்?"

எட்டு என்ற கணக்குவரை சரியாகத் தெரிந்திருக்கிறது. மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுக்கிய பெட்டிகளை எடுத்துத் திரும்ப அடுக்கினேன்.

வீட்டில் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே அம்மா சொன்னார்: "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலாது." அவருக்கும் எங்கோ கேட்டிருக்கிறது.

செப்டெம்பர் 5, வெள்ளி

இரண்டு துளி மழை. மண் மணம் வந்ததோடு சரி.

ரஜனி அக்காவின் குரல் செய்தி: "பிள்ளை, உம்மடை பத்து எங்கை? மருதாணிக் கையோடை ஒரு படமும் வேணும். அவரும் பக்கத்திலை நிண்டா இன்னும் வடிவு."

கையில் மருதாணி இன்னும் இருக்கிறது. செம்மஞ்சளாகக் கரைந்து, தோல் வருத்தம் மாதிரி. தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போகும் என்று நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். தேய்த்தேன். எரிந்ததுதான் மிச்சம். என் பக்கத்தை நம்பியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ரஜனி அக்காவுக்கு எழுதினேன்: "கலியாணம் நிண்டுபோச்சு அக்கா." அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு ஒரு அழுகிற முகம். அதற்குப் பிறகு:

"ஐயோ பிள்ளை. யோசியாதையும். தலைப்பை மாத்துவம். பட்டியல் அப்பிடியே இருக்கட்டும்."

முதல் தரம் சிரித்தேன், ஒரு கிழமைக்குப் பிறகு. அம்மா எட்டிப் பார்த்தார், பயந்துபோய்.

செப்டெம்பர் 6, சனி

அரை நாள் வேலை. தலைக்குக் குளிக்கவில்லை. யாருக்காக?

5. புத்தகம்: அவன் தந்த மொழிபெயர்ப்பு நாவல். தலையணைத் தடிப்பு. ஆறு மாதம் எடுத்து வாசித்தேன். சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு. காத்திருப்பதைப் பற்றி, சொல்லாமல் விடுவதைப் பற்றி. எனக்காகக் கீறியது என்று நினைத்து, அந்த இடங்களை மட்டும் இரண்டு தரம் மூன்று தரம் வாசித்தேன். இன்று முன் அட்டையைப் பார்க்கிறேன். வாங்கிய திகதி போட்டிருக்கிறான். எங்களைப் பேசுவதற்கு மூன்று வருசத்துக்கு முந்தியது. இத்தனை நாளும் அந்தத் திகதி அங்கேதான் இருந்தது.

அழித்து எழுதுகிறேன். 5. புத்தகம்: எதுவுமில்லை.

பின்னேரம் ஐந்து மணி. போன் அடித்தது. செய்தி. அவன்.

"நேரிலை சொல்லுறன். செவ்வாய் பின்னேரம் நாலு மணி. சாவகச்சேரி, சந்தைக்குப் பக்கத்துக் கூல்பார்."

திரும்பத் திரும்ப வாசித்தேன். வேறொன்றும் அதில் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "போ" என்றார். பிறகு, "என்னோடை கதைக்க வேண்டுமெண்டாலும் வாறன் எண்டு சொல்லு. நான்தான் மறிச்சனான் எண்டு நானே அவருக்குச் சொல்லுறன். காலிலை விழச் சொன்னாலும் விழுறன்." அம்மா இப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. உள்ளே போய்க் கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

செப்டெம்பர் 8, திங்கள்

நேற்று எழுதவில்லை. ஒன்றும் இல்லை எழுத.

கோல்கள் இன்னும் போனில் இருக்கின்றன. வியாழன் 4.10, 4.12, 6.40. வெள்ளி காலை இரண்டு, மத்தியானம் ஒன்று, பின்னேரம் இரண்டு. எட்டுத் தரம் எடுக்கிறவனுக்கு மனமில்லை என்று எப்படிச் சொல்வது? மனமில்லாதவன் ஒரு செய்தியில் முடித்திருக்கலாமே. ஏதோ குழப்பம் வந்திருக்கிறது, என்னிடம் கேட்க எடுத்திருக்கிறான். நான் எடுத்து ஒரு வார்த்தை, "என்னப்பா?" என்று கேட்டிருந்தால் போதும். முகம் பார்க்காமலும் கேட்டிருக்கலாம். போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கலாம்.

பிழை என்னுடையது. நான் செய்த பிழையை நான் திருத்தலாம்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது: பின்னேரம் செவ்வரத்தம் இலை பிடுங்கித் தலைக்குத் தேய்த்தேன். பயற்றம்மா குழைத்து முகத்துக்குப் பூசினேன். அம்மா கண்டார். துவாயை எடுத்துக் கதவில் போட்டுவிட்டுப் போனார்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

பஸ்ஸில் யன்னல் சீற். நீலச் சட்டை. பரு இன்னும் போகவில்லை.

கிளிநொச்சி பஸ்ஸில் வந்து கொடிகாமத்தில் இறங்கி உடுப்பிட்டிக்குப் போக வேண்டியவன், எனக்காகச் சாவகச்சேரி வரை வந்திருந்தான். முந்தியும் அப்படித்தான் வருவான். மெலிந்திருந்தான். எனக்கு உடனே பாவமாக இருந்தது. என்ன பிறவி நான்.

இரண்டு தேசிக்காய்த் தண்ணீர். இருவரும் குடிக்கவில்லை.

கிளிநொச்சியில் கூட வேலை செய்கிற ஒருத்தியாம். எங்களைப் பேசுவதற்கு முந்தியே. அவள் வீட்டில் சம்மதிக்கவில்லை, அதோடு விட்டாயிற்று என்று நினைத்தானாம். "உம்மோடை பழகினா மறந்துபோகுமெண்டு நினைச்சன். மறக்கத்தான் பாத்தன். பொன்னை உருக்கிக் கையிலை தந்தாப் பிறகுதான் எனக்கு நடுக்கம் வந்தது."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "அண்டைக்கு நான் எடுத்திருந்தா?"

சந்தைக்குள் யாரோ கத்திரிக்காய் விலை கூவிக்கொண்டிருந்தான். நிரோஷன் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டேன். எடுத்திருந்தா வேறை மாதிரி எண்டு சொல்லு. சொல்லு.

"எடுத்திருந்தாலும் உதைத்தான் சொல்லியிருப்பன்," என்றார். "ஆக்களிட்டைச் சொல்லுறதுக்கு முதல் உம்மட்டை நானே சொல்லோணும் எண்டுதான் எடுத்தனான். உம்மிலை ஒரு பிழையும் இல்லை. அதைச் சொல்லத்தான் இண்டைக்கும் வந்தனான்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு ஆறுதல் தருகிறாராம். "சரி, நான் வாறன்" என்று எழும்பினேன். பஸ் வரை கூட வந்தார்.

வீடு. அம்மா படலையடியில்.

"என்னவாம்?"

"நான் எடுத்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாராம். எங்களிலை பிழையில்லையாம்."

"மெய்யே பிள்ளை? அப்பிடியே சொன்னவர்?"

"ஓம்."

அம்மா மூக்கைச் சிந்தினார். பெருமூச்சு விட்டார். உள்ளே போய் அடுப்பை மூட்டிச் சோறு வைத்து, கத்திரிக்காய் வெள்ளைக்கறியும் ஒரு சம்பலும் செய்து, பதினொரு நாளுக்குப் பிறகு சோற்றைக் கோப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடக் குந்தினார். "நீயும் வா, ஆறப் போகுது" என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்.

நான் எடுக்காததால்தான் போனார் என்று நினைத்துப் பதினொரு நாள் அழுதேன். அந்த அழுகை இதைவிட நல்லாக இருந்தது.

அம்மா மூன்றாம் தரம் கூப்பிடுகிறார்.