இடது கையால் சாப்பிட்ட சோறு

செவன் ஹில்ஸ்
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் லதீசுக்கு அம்மா எழுதுவது. முருகன் துணையால் இங்கே நாங்கள் சுகம். நீயும் சுகம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறாய், அதை நான் நம்பவில்லை, அதனால்தான் போனை விட்டுவிட்டு எழுதுகிறேன். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய்.

அப்பாவுக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உன் தங்கை வசந்தினிக்கு ஆஸ்பத்திரி வேலை நிரந்தரமாகிவிட்டது, மருந்து போட்டாயா என்று இப்போது என்னையே அதட்டுகிறாள். அப்பா உன் பெயர் போட்ட ஜெர்சியோடுதான் கோயிலுக்கும் கடைக்கும் போகிறார். அமெரிக்கன் ஃபுட்போலில் பன்னிரண்டு வருடம் டிஃபென்ஸில் நிற்பது லேசான காரியமா என்று காண்பவர்களிடமெல்லாம் கேட்கிறார். பந்தைக் கொண்டு ஓடுகிறவனுக்குப் பெயர், அவனை மறித்து விழுத்துகிற என் பிள்ளைக்கு அடி என்று நான் சொன்னால், உனக்கு ஆட்டம் விளங்காது என்கிறார். ஆட்டம் விளங்காமல் இருக்கலாம், நீ விழுந்தால் எப்படி எழும்புவாய் என்று எனக்கு விளங்கும். முன்பெல்லாம் வலது கையை ஊன்றி எழும்புவாய். இந்த சீசன் முழுக்க இடது கையை ஊன்றுகிறாய், இல்லாவிட்டால் உன் டீம்காரன் ஒருவன் இடது கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கும் தெரியுமோ என்று எனக்குச் சந்தேகம், நான் டிவிக்குக் கிட்டப் போய் இருந்தால் உடனே தேத்தண்ணி கேட்கிறார்.

போன கிழமை வீடியோவில் பேசும்போது நீ சோறு சாப்பிட்டதையும் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாரும் இடது கையால் சோற்றைத் தொட்டதில்லை. கேட்டதற்கு, கமரா மாறிக் காட்டுது அம்மா என்றாய். பக்கத்தில் இருந்த அப்பாவும் ஓம், ஓம், அப்படித்தான் என்றார். கமரா கையை மாற்றியிருந்தால் உன் டீசேர்ட்டில் இருந்த எழுத்தையும் அல்லவா திருப்பியிருக்க வேண்டும், அதை நான் நேராகத்தானே வாசித்தேன். வசந்தினியிடம் சொன்னேன், அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று குசினிக்குள் போய்விட்டாள். ஆக, எனக்கு மட்டும்தான் எல்லோரும் ஒளிக்கிறீர்கள்.

இன்னும் இரண்டு வருடம் விளையாடச் சைன் வைக்கப் போகிறாயாம். எனக்குக் கோபமாக இருக்கிறது, அதைவிடப் பயமாக இருக்கிறது. டொக்டர் விளையாடலாம் என்று சொன்னவர் என்று சொல்லாதே, அவர் டீமின் டொக்டர், அடுத்த ஆட்டத்துக்கு உன்னை நிறுத்திக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. வெளியில் வேறொருவரிடம் காட்டு. நேரத்துக்குச் சாப்பிடு.

போன முறை வந்தபோது தந்துவிட்ட திருநீறு அங்கே இருக்கும். கடிதம் கிடைத்ததும் வீடியோவில் என்னைக் கூப்பிட்டு, என் கண் முன்னால் வலது கையால் நெற்றியில் பூசு. கை நெற்றிக்கு எட்டினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், நீ சைன் வை. எட்டாவிட்டால் இடது கையால் பூசாதே மகன். வீட்டுக்கு வா, நான் பூசிவிடுகிறேன்.

முருகன் உன்னை முழுசாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா
சிவசோதி

மறக்காதே, எழுத்துப் போட்ட டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு கூப்பிடு.