உதவாத நூல்கள்

நேற்று என் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வேறு இடமில்லை என்று எங்களை நூலகத்தில் உட்கார வைத்தார்கள். யாரோ பீரோவைத் திறக்க, பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், அதற்கப்புறம் டீச்சர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. உன் நினைப்புதான்.

நாம் ஒன்பதாவது படித்தபோது நூலகம் என்பது பூட்டிய கண்ணாடி பீரோக்கள். புத்தகம் தொலைந்தால் சாவி வைத்திருக்கும் டீச்சர் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். அதனால் யாரும் திறக்கவே மாட்டார்கள், நூலக வகுப்பில் கணக்கு நடக்கும். அந்தச் சாவி நம் சமூக அறிவியல் டீச்சரிடம் இருந்தது. அவரேதான் 'எங்கள் ஊரின் வரலாறு' என்று ஓர் அறிக்கை எழுதச் சொன்னார், நூலகத்தில் தேடி எழுத வேண்டுமாம், அதற்கு மார்க்கும் உண்டாம். வகுப்பே எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடியது. கடற்கரை, கலங்கரை விளக்கம், வெள்ளைக்காரத் தெரு எல்லாம் அங்கே அட்டை போட்டு ரெடியாக இருக்கும். நீ மட்டும் சாவி கேட்டு நின்றாய்.

"கண்ணாடிக்குள்ளயே வச்சிருந்தா யாரு டீச்சர் படிக்கறது, கரையானா?"

நல்ல வேளை, டீச்சர் சிரித்துவிட்டார். சாவியும் கிடைத்தது.

மதிய இடைவேளையெல்லாம் தரையில் உட்கார்ந்து புரட்டினோம். கப்பல் வந்தது, கவர்னர் வந்தார், சண்டை வந்தது. ஆனால் எல்லாப் புத்தகமும் பழைய நகரத்தைச் சுற்றி ஓடும் புல்வார் சாலையோடு நின்றுபோனது. அதற்கு மேற்கே, நாம் குடியிருந்த சாரம் பகுதியைப் பற்றி ஒரு வரி கிடையாது. புல்வாரைத் தாண்டினால் மனுஷனே இல்லை என்று நினைத்துவிட்டார்களா என்று பொரிந்து தள்ளினாய்.

அப்புறம் உன் அப்பாவைப் பிடித்தோம். அவர் வேலை பார்த்த மில் மூடியிருந்த சமயம். மில் சங்கு ஊதினால் எந்தச் சந்து வழியாக ஆட்கள் ஓடுவார்கள், சங்கு நின்ற பிறகு யார் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். முன்பு வயல் இருந்த இடங்களை அவர் சொல்ல, நான் படம் போட்டேன். கடைசிப் பக்கத்தில் உதவிய நூல்கள் என்று ஒரு பட்டியல் போடுவது வழக்கம். நீ 'உதவாத நூல்கள்' என்று தலைப்புப் போட்டு, நாம் புரட்டிய அத்தனை புத்தகத்தின் பெயரையும் முத்து முத்தாக எழுதிவைத்தாய். திமிர் பிடித்தவளே!

டீச்சருக்கு வந்ததே கோபம்! புத்தகத்தில் இல்லாதது வரலாறு ஆகாது, இதை வாங்க மாட்டேன், ஒழுங்காக வேறு எழுதி வரவில்லை என்றால் இரண்டு பேருக்கும் சைபர் என்றார். மார்க் குறைந்தால் துணிக்கடை வேலைக்குத்தான் போகணும் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் சரி என்று தலையாட்டினேன்.

"சைபர் போட்டுக்கங்க டீச்சர். ஆனா இத வாங்கி, இது மேலயே போடுங்க. வாங்காம போடாதீங்க. எங்கப்பா சொன்னது இதுல இருக்கு."

போட்டார், சிவப்பு மையில், கையெழுத்தோடு. நீ அதை எடுத்துப்போய் பீரோவில் கவர்னர்களுக்கு நடுவே செருகிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாய். வருஷக் கடைசியில் இருவரும் தேறினோம். துணிக்கடைக்கும் நீ போகவில்லை.

போன வருஷம் உன்னைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. எனக்கு வருத்தத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

போன மாதம் உன் அப்பாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மூடிய மில்லின் தொழிலாளிகளுக்கான உதவிப் பணத்துக்கு மனு. இவர் அங்கே வேலை பார்த்ததற்கு ரெக்கார்டே இல்லை என்று ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் மனுவைத் தள்ளினார். உன் அப்பா திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் நகரவில்லை.

"இல்லன்னு இது மேலயே எழுதி, கையெழுத்து போட்டுக் குடுங்க சார்."

அவர் எழுதவில்லை. முறைத்தபடி மனுவை உள்ளே வாங்கிக்கொண்டார். பணம் வருமா, தெரியாது. வராவிட்டால் மறுபடி போவோம். உன் அப்பா இந்த ஊரில் வேலை செய்தார். நீ இந்த ஊரில் இருந்தாய். இல்லை என்பவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.