கல்முனையில் ஒரு ஹீட்டர்

என் கூடப்பிறந்த ராத்தா,

பக்கத்து வீட்டுப் பெரியவர் நோயில் கிடக்கிறார். மாரி தொடங்கியதும் நடுங்குகிறாராம். உங்கள் ஹீட்டரைக் கேட்டு வந்தார்கள். கொடுக்கும் முன் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். குழாய் சிவந்ததும் அதில் படிந்திருந்த தூசி எரிந்து அந்த வாசம் வந்தது. அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதேன்.

என் மச்சான், உங்களவர், கட்டாரிலிருந்து அதைக் கொண்டுவந்த அன்று நாம் சிரித்த சிரிப்பு கொஞ்சமா? மாரியிலும் ஃபேன் போட்டுப் படுக்கிற ஊரில் ஹீட்டர்! "இத வெச்சி அப்பளமா பொரிக்கிற?" என்று அவரைக் கேட்டீர்கள். பாவம், அங்கே பாலைவனக் குளிரில் பட்டதை நினைத்து ஆசையாக வாங்கி வந்தவர். பெட்டியோடு அது அலுமாரிக்கு மேலே போனது. உங்கள் சிறுநீரகம் பழுதாகி, கிழமை தவறாமல் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் கீழே இறங்கியது. போய் வந்த நாட்களில் உங்களுக்கு அப்படிக் குளிரும்.

எல்லோரும் உங்களைப் பின்னறையில் படுக்கவைத்து யன்னலை அடைக்கச் சொன்னார்கள். நீங்கள் மசியவில்லை. "நான் கண்ண மூடி மவுத்தான புறகு கதவச் சாத்துங்க. இப்ப எனக்கு வாற போற ஆக்கள்ட மொகம் பாக்கணும்." முன் ஹோலில் கட்டிலைப் போட்டோம். கடற்காற்று ஒரு வாசலால் வந்து மற்ற வாசலால் போகிற ஹோல் அது.

அங்கேதான் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற விஞ்ஞானம் கைகொடுத்தது. காற்றைச் சூடாக்குகிற ஹீட்டராக இருந்தால் அந்தச் சூடு ரோட்டுக்குத்தான் போயிருக்கும். இது வேறு. குழாயிலிருந்து கிளம்பும் செந்நிறக்கீழ்க் கதிர், அகச்சிவப்பு என்பார்களே அதுதான், காற்றைச் சட்டை செய்யாமல் நேரே வந்து ஆளின் மேல் விழும். விழுந்த இடம்தான் சூடாகும், வெயிலில் நிற்பதுபோல. கதவு திறந்து கிடக்கிற இடத்துக்கு இதுதான் தோது. ஆனால் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது, துணிமணி கிட்டப் போகக் கூடாது, ஈரக் கையால் தொடக் கூடாது. சொல்லி முடித்ததும் "ஓம் டீச்சர்" என்று கை கட்டினீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் சுகம் விசாரிக்க வந்தார்கள். வழக்கம்போலக் கட்டிலை மறைத்துத் திரையை இழுத்துவிட்டோம். ஹீட்டர் திரைக்கு வெளியே நின்றது; கதிர் முழுக்கக் குறுக்கே உட்கார்ந்தவர்கள் மேல் விழுந்தது. ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. வந்தவர்கள் வியர்வையைத் துடைத்துத் துடைத்து உங்களுக்காகத் துஆக் கேட்டார்கள். நீங்கள் உள்ளே குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தீர்கள். அவர்கள் போன பிறகு, "நோயாளி ஆரு புள்ள? அவங்களா, நானா?" என்றீர்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. "இது சரிவராது, உள்ளறைக்கு மாத்துவம்" என்றார்.

நீங்கள் எழுந்து உட்கார்ந்தீர்கள். "இது வாப்பா எனக்குத் தந்த சீதன வீடு. நான் உள்ளுக்குப் போகல்ல. திரைய அவுருங்க, நான் முக்காட்டப் போட்டுக்கிட்டு இரிக்கன்."

திரை அவிழ்ந்தது. அதன் பிறகு வந்தவர்களை நீங்கள்தான் சுகம் விசாரித்தீர்கள். நிந்தவூர் மாமாவிடம் வெள்ளாமை எப்படி என்று கேட்டு, அவர் தன் கஷ்டம் சொல்ல, ஆறுதலும் சொல்லி அனுப்பினீர்கள்.

மழை விடாமல் பெய்த ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, நாங்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருக்க, அந்த ஹோலிலேயே, எல்லா முகங்களுக்கும் நடுவில் போய்விட்டீர்கள். மச்சான் உங்கள் கண்ணை மூடிவிட்டு ஹீட்டரை அணைக்க எழுந்தார். நான் விடவில்லை.

உங்கள் கை சூடாக இருந்தது ராத்தா. அந்தக் கதிருக்கு உயிருள்ள கை, உயிரில்லாத கை என்ற பேதம் கிடையாது. வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டேதான், குளிப்பாட்டுகிறவர்கள் வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சூட்டை நீங்கள் தந்ததாகவே இன்னும் வைத்திருக்கிறேன்.